வேலைக்காகப் பக்கத்து மாநிலம் போனவர்களே, அங்கே எது இல்லாமல் தவிக்கிறீர்கள்?

கரிசல்காட்டான்:

பெங்களூருக்கு மாற்றல் வந்துவிட்டது. மறுக்க முடியாத நிலை, சம்பளமும் கொஞ்சம் கூடுகிறது. மனைவி, ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகும் மகள், ஒரு கார், ஒரு பைக், அவ்வளவுதான் நாங்கள். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறேன் என்றால் ஊரே திரண்டு வந்து அறிவுரை சொல்லியிருக்கும். ஓசூரைத் தாண்டப் போகிறேன் என்றதும் "பெங்களூர்தானே, அங்கே எங்கே திரும்பினாலும் தமிழ்தான்" என்று பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

கர்நாடகம், கேரளம், ஆந்திரம் என்று எங்கே போயிருந்தாலும் சொல்லுங்கள். போன பிறகு எது இல்லாமல் தவித்தீர்கள்? தயவுசெய்து "அம்மா சமையல்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அது எனக்கே தெரியும்.

பெஞ்சு_டீ:

டீக்கடை பெஞ்சு. பெங்களூரில் காபிக்கும் டீக்கும் பஞ்சமே இல்லை. தர்ஷினி என்கிற நின்று சாப்பிடும் சிற்றுண்டிக் கடைகளில் கிடைக்கும் காபி நம்மூர்க் காபிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ஆனால் அங்கே நின்றுகொண்டே குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டு நகர வேண்டும். நம்மூரில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தினத்தந்தியின் நடுத்தாளை உருவிக் கொடுப்பார். அடுத்த நிமிடம் அவரோடு அரசியல் சண்டை. தினத்தந்திக்குப் பெங்களூர்ப் பதிப்பும் உண்டு, வீட்டுக்கே வரவழைக்கலாம். சண்டைக்கு ஆள் வராது.

உறையூர்ப்பெண்:

நாங்கள் திருச்சியிலிருந்து எர்ணாகுளம் வந்தவர்கள். நான் ஏங்குவது மொட்டை மாடிக்கு. சிரிக்காதீர்கள்.

கேரளத்தில் மழை கொட்டுகிற கொட்டுக்குக் கூரையைச் சரிவாகத்தான் போடுகிறார்கள். தட்டையாகத் தளம் போட்ட வீடுகளிலும் மேலே தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். அப்புறம் வடகம் எங்கே பிழிவது, மிளகாயை எங்கே காயவைப்பது? கோடையில் பாயை விரித்துப் படுப்பது, சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பக்கத்து மாடிக்காரியிடம் பேசுவது எல்லாம் போயிற்று. ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பள்ளிச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால்தான் காயவைக்க வேண்டியிருக்கிறது. திருச்சி வெயிலைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான். இப்போது ஊருக்குப் போனால் முதல் வேலை மாடிக்கு ஏறி நிற்பதுதான். அம்மா "கறுத்துப் போவாய், இறங்கு" என்று கத்துவார்.

அடுத்தது வாசல். தினமும் கோலம் போடும் வழக்கம் இங்கே பொதுவாக இல்லை. ஓணத்துக்குப் பூக்களம் போடுவார்கள், கண்கொள்ளாத அழகு. மற்ற நாளில் நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் தினமும் செய்கிற ஒன்றுக்குத் தினமும் விளக்கம் சொல்வது அலுத்துப்போகிறது. இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் போடுகிறேன்.

சாப்பாட்டில் பெரிய குறை இல்லை. மட்ட அரிசிச் சோறு என் கணவருக்குப் பிடித்தே போய்விட்டது. ஓட்டலில் பதிமுகம் என்கிற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்த ரோஸ் நிறத் தண்ணீரைப் பார்த்து முதலில் பயந்த பிள்ளைகள், இப்போது வீட்டிலும் அதையே கேட்கிறார்கள்.

வைகைத்தண்ணி:

மதுரையிலிருந்து கோழிக்கோடு. ராத்திரி பதினோரு மணிக்குக் கொத்து பரோட்டா போடுகிற அந்தச் சத்தம். பரோட்டா இங்கேயும் உண்டு, மென்மையாக, அருமையாக. சத்தம் இல்லை.

எல்லைக்கோடு:

எல்லாரும் வாயையும் காதையும் பற்றியே எழுதுகிறீர்கள். பெங்களூரில் தலைமுடி நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், சாப்பாட்டு ஏக்கம் எல்லாம் முதல் ஆறு மாதம். இட்லி அரிசி, செக்கு நல்லெண்ணெய், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், திருநெல்வேலி அல்வா வரைக்கும் இங்கே கிடைக்கிறது. கிடைக்காததைக் கூரியரில் போட அம்மாவோ அக்காவோ இருக்கிறார்கள். கூரியரில் வராத ஒன்று இருக்கிறது. அது உங்கள் பெயரில் இருக்கும் காகிதங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்த மதிப்பு.

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். அப்புறம் இங்கே ஆயுட்கால வரி. கர்நாடகத்தில் அது கனமான தொகை. தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், கேட்டு வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது நாடு முழுக்கச் செல்லும்.

அடுத்து ரேஷன். "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" வந்துவிட்டதே என்பார்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்தில் வெளிமாநிலத்தில் கிடைப்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைகளுக்கு உரிய தானியம் மட்டும். தமிழ்நாடு தன் கைக்காசில் கொடுக்கிற 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் எல்லையைத் தாண்டி வராது. பொங்கல் தொகுப்பும் வராது. நம் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாருக்குமே அரிசி அட்டை உண்டு என்பதால் அது ஒரு பெரிய விஷயம் என்றே நமக்குத் தோன்றியதில்லை. இங்கே வந்து பார்த்தால்தான் எல்லா மாநிலமும் அப்படி இல்லை என்பது புரிகிறது.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். தமிழ்நாட்டு ரேஷன் அட்டையை வைத்துத்தான் அதுவே. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 போதும், அது சுலபம். ஆனால் மாற்றியதும் ஊர்த் தேர்தல் உங்களுடையது இல்லை. எங்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்று இன்றைக்கும் விசாரிக்கிறேன், ஓட்டுப் போட முடியாமல்.

கிடைப்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கன்னட நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்கு மிகாமல், வீட்டின் சராசரிப் பயன்பாட்டைப் பொறுத்து மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை, வாடகை வீட்டில் இருப்பவர்களும் பதியலாம். ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசம். ஆக எல்லாமே நஷ்டக் கணக்கு இல்லை.

ஈரோட்டு மஞ்சள்:

பெண்களுக்கான இலவச பஸ்ஸை விட்டுவிட்டீர்களே அண்ணா. கர்நாடகத்தில் சக்தி திட்டம் 2023 ஜூனில் வந்தது. ஏறினேன், கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் கேட்டார்கள். என் ஆதாரில் ஈரோட்டு முகவரி. டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எந்தப் பெண்ணும் அட்டை எதுவும் காட்டாமல் ஏறலாம். பணம் ஒரு பொருட்டில்லை. எந்த ஊர் என்று கேட்காமல் ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸில் பழகிவிட்டு, இங்கே அட்டையைத் தேடுவது ஒரு மாதிரி இருந்தது.

இப்போது ஆதாரை மாற்றிவிட்டேன். மாற்றியதும் மகளிர் உரிமைத் தொகை விஷயம் எனக்கும் மாமியாருக்கும் நடுவே பெரிய பேச்சாகிவிட்டது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சித்தூர்ச்சாலை:

இங்கே எல்லாரும் பொங்கலைப் பற்றி அழப் போகிறீர்கள், அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஆந்திரத்துக்கு வாருங்கள். போகி, சங்கராந்தி, கனுமா என்று மூன்று நாளும் ஊரே நம்மைவிடக் கோலாகலமாக இருக்கும். வாசல் நிறைய முக்குலு (அவர்கள் கோலம்), கூரைமேல் பட்டம். எனக்குப் பொங்கல் ஏக்கமே வந்ததில்லை.

வந்தது சினிமா ஏக்கம். இங்கே தமிழ்ப் படம் பெரும்பாலும் தெலுங்கு டப்பிங்கில்தான் ஓடும். சண்டைக் காட்சிக்கு அது போதும். காமெடிக்குப் போதாது. தியேட்டரில் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது நான் மனதுக்குள் தமிழ் வசனத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். கிடைப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். கம்பெனி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இருப்பதால் உடன் வேலை செய்பவர்களில் பலர் சென்னையிலிருந்தே தினமும் வந்து போகிறார்கள். நான் மட்டும் புத்திசாலித்தனமாக இங்கேயே வீடு எடுத்துவிட்டேன், தூக்கம் மிச்சம்.

பாலக்காட்டுக் கிணறு:

ஒரு திருத்தம். "பக்கத்து மாநிலம் போனவர்கள்" என்று எழுதும்போது போகாமலேயே பக்கத்து மாநிலத்தார் ஆனவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் முதல் தேதி எல்லை பிரித்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, தேவிகுளமும் பீர்மேடும் எங்கள் கேரளப் பக்கம் நின்றுவிட்டன. எங்கள் சித்தூர்த் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டில் இருக்கும் சித்தூர்) இன்றும் தமிழ் வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. மூணாறு பக்கமும் உண்டு. பஸ் பலகையை மட்டும் மலையாளத்தில் படித்தாக வேண்டும். மற்றபடி எதையும் இழந்தோம் என்று சொல்ல மாட்டேன்.

மூணாறு எஸ்டேட் தமிழர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்க, 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறியதற்கு ஆவணம் காட்டச் சொல்கிறார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்துப்போன தாத்தாவுக்கு எந்த ஆவணம் இருக்கும்?

கவுன்சலிங்_அப்பா:

கரிசல்காட்டான் அவர்களே, மேலே எழுதியவர்கள் யாரும் உங்கள் மகளின் வகுப்பைக் கவனிக்கவில்லை. எனக்குக் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். என் மகனுக்கு அலைந்த அலைச்சலில் இந்த விதிகள் மனப்பாடம்.

கர்நாடகத்தில் பொது நுழைவுத் தேர்வு வழியாக மாநில ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற இடம் வேண்டுமென்றால், வெளியிலிருந்து வந்த குடும்பங்களுக்குப் பொருந்துகிற பொதுவான வழி ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்து, பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ அங்கேயே முடித்திருக்க வேண்டும். உங்கள் மகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வரை எண்ணிப் பாருங்கள். சரியாக ஏழு. ஒரு வருடம் தள்ளிப் போட்டு ஏழாம் வகுப்பில் சேர்த்தால் ஆறு வருடம்தான் வரும், கதவு மூடிக்கொள்ளும். "நான் முதலில் போய் வீடு பார்த்து செட்டில் ஆகிறேன், குடும்பம் அடுத்த வருடம் வரட்டும்" என்று நம்மவர்கள் சாதாரணமாகச் சொல்லும் யோசனை உங்கள் விஷயத்தில் விலை அதிகம்.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை மாநிலத்துக்குள் படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த இருப்பிடச் சான்றை (நேட்டிவிட்டி) வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆக அந்தக் கதவு முழுக்க மூடவில்லை. திரும்ப முடியாதபடி போவது வேறு. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீடு ஒன்று. மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் இன்னொன்று. உங்கள் மகள் தனியார் ஆங்கிலப் பள்ளியில்தான் தொடர்வாள் என்றால் இவை இரண்டும் எப்படியும் உங்களுக்கு இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை.

எதைச் செய்தாலும் முழுதாகச் செய்யுங்கள். எட்டாம் வகுப்பு வரை அங்கே, அப்புறம் இங்கே, பதினொன்றுக்கு மறுபடி அங்கே என்று அலைக்கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் இரண்டு மாநிலத்திலும் கவுண்டரில் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது.

எல்லைக்கோடு:

அருமையான கணக்கு. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழும் எல்லையில் நின்றுவிடும். நம்முடைய பி.சி., எம்.பி.சி. பட்டியல் வேறு, கர்நாடகத்தின் 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி பட்டியல் வேறு. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் சொந்த மாநிலத்து அந்தஸ்தைக் குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கும் வேலைக்கும் சொந்த மாநிலச் சான்று செல்லும். மகளின் பெயரில் ஊரிலேயே எல்லாச் சான்றிதழும் எடுத்து வைத்துவிட்டு வண்டி ஏறுங்கள். அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டு வருவது கொடுமை.

ராகிமுத்தை_ராஜகுமாரி:

சான்றிதழ் எல்லாம் சரி, பிள்ளைகளின் தமிழ் என்ன ஆகும் என்று யாருமே கேட்கவில்லையே!

கர்நாடகத்தில் 2015-ல் வந்த கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் கன்னடம் உண்டு. அதில் எனக்குப் புகார் இல்லை. தமிழ்நாட்டில் 2006-லும் கேரளத்தில் 2017-லும் இதே மாதிரிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இருக்கிற ஊரின் மொழியைப் படிக்கத்தான் வேண்டும். என் பையன் கன்னடத்தில் வகுப்பிலேயே முதல் மூன்று இடத்துக்குள் வருகிறான், எனக்குப் பெருமைதான். ஆனால் ஆங்கிலம், கன்னடம், இந்தி மூன்றும் உட்கார்ந்தபின் தமிழுக்கு நாற்காலி இல்லை. வீட்டில் நன்றாகப் பேசுவான். படிக்க வராது. என் அப்பா வாட்ஸப்பில் தமிழில் நீளநீளமாக எழுதி அனுப்புவார். அதை அவனுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். இப்போது அப்பாவே புரிந்துகொண்டு குரல் பதிவாக அனுப்புகிறார். அவர் எழுத்தை விட்டது எனக்குத்தான் உறுத்துகிறது. அவர்கள் இருவரும் சந்தோஷமாகவே இருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு நல்ல விஷயம், ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்திருப்பாள், எழுத்து கைவசம் இருக்கிறது. அதை மங்க விடாமல் வைத்துக்கொள்வதுதான் வேலை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன. அல்சூர் ஏரிக்கரையில் 1950-லிருந்து இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள். கன்னடத்தில் முதல் வருடம் தடுமாறுவாள், அகர வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். டியூஷனுக்கு இப்போதே ஆள் பாருங்கள்.

ஓசூர்க்காரன்:

இவ்வளவு கண்ணீர் எதற்கு? ஓசூரில் வீடு எடுங்கள், எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போங்கள். ரேஷன் அட்டை இருக்கும், வண்டி எண் இருக்கும், மகள் தமிழ் படிப்பாள், கலந்தாய்வுக் குழப்பமே இல்லை. நாங்கள் பலர் இப்படித்தான் வாழ்கிறோம்.

பெஞ்சு_டீ:

எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கிற நேரத்தையும் எழுதுங்கள் ஓசூர்க்காரரே.

ஓசூர்க்காரன்:

எழுதுகிறேன். காலையில் கிளம்பும்போது மகன் தூங்கிக்கொண்டிருப்பான், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது, பொம்மசந்திராவோடு நிற்கிறது. அங்கிருந்து ஓசூருக்கு மறுபடி அதே சாலைதான். மாநிலத்தை இழக்கவில்லை, மாலையை இழந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் என் ஓட்டு ஓசூருக்குத்தான்.

தாமிரபரணி_கரை:

காவிரியை யாரும் தொடவில்லை. தொடாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறீர்களா? 2016 செப்டம்பரில் நான் பெங்களூரில் இருந்தேன். தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பஸ்களும் லாரிகளும் எரிந்த அந்த வாரத்தில், என் டி.என். எண் வண்டியைக் கீழ்வீட்டுக் கன்னடக்காரர் தன் காம்பவுண்டுக்குள் நிறுத்தச் சொல்லி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார். ராத்திரி அவர் மனைவி சோறும் சாரும் (அவர்கள் ஊர் ரசம்) கொடுத்தனுப்பினார். அதே வாரம் தமிழ்நாட்டிலும் கர்நாடகக்காரர்களின் கடைகளில் கல் விழுந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

அன்றைக்கு எனக்குப் பயம் என்று சொல்ல முடியாது. என் வண்டி எண்ணைப் பார்த்து என்னை யார் என்று இன்னொருவர் முடிவு செய்ய முடியும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. திருநெல்வேலியில் அந்த எண் வெறும் எண். அந்த அலட்சியம்தான் எனக்கு இல்லாமல் போனது. அது நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருந்தாலும் திரும்பி வருவதில்லை.

உறையூர்ப்பெண்:

தாமிரபரணி அண்ணா சொன்னதுதான் என் கோலத்து விஷயமும். விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் இருப்பது.

நாட்காட்டி_தாத்தா:

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, மகன் வீட்டோடு மைசூர் வந்தேன். என் குறை சின்னது. தினசரி காலண்டர். கிழிக்கிற காலண்டர் இங்கேயும் உண்டு, அது கன்னடக் கணக்கில் ஓடும். நமக்குச் சூரிய மாதம், அவர்களுக்குச் சந்திர மாதம். அவர்களுடைய ஆஷாடம் அமாவாசையோடு முடிந்து சிராவணம் பிறந்துவிடும். நமக்கு இன்னும் ஆடி ஓடிக்கொண்டிருக்கும். நான் ஆடி என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எதிர் மண்டபத்தில் மேளம் கொட்டும். போன தடவை அந்த வீட்டுக்காரர் வந்து பத்திரிகை வைத்தார். போய்ச் சாப்பிட்டேன், ஒப்பட்டு (நம்மூர்ப் போளி) பிரமாதம். அங்கே போய் ஆடி மாதம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொண்டுவந்து கொடுப்பார்கள், நல்ல பழக்கம். ஆனால் விடுமுறை ஒரே நாள். ஊரில் பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று மூன்று நாள் நீளும். மாட்டுப் பொங்கலன்று மகன் ஆபீசுக்குப் போய்விடுவான், நான் டிவியில் ஜல்லிக்கட்டு பார்ப்பேன்.

வைகைத்தண்ணி:

கேரளத்தில் பொங்கலுக்குத் தமிழர்கள் அதிகம் உள்ள சில மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். கோழிக்கோடு அதில் இல்லை. வருடா வருடம் பாலக்காட்டு நண்பனைப் பார்த்து வயிறெரிவேன்.

சேலத்து மாம்பழம்:

என்னைக் கேட்டால் மாநிலம் மாறுவதை இவ்வளவு பெரிதாக்கத் தேவையில்லை. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 90. ஊரைவிட்டுத் தள்ளி இருப்பது யார்?

ஈரோட்டு மஞ்சள்:

கிலோமீட்டரில் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. லீவில் பாருங்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பார்கள். அந்தக் கெட்டதுக்குப் போகத்தான் நாள் கிடைப்பதில்லை. சென்னையில் இருப்பவருக்கும் ஊரில் இருப்பவருக்கும் ஒரே நாளில் விடுமுறை, அதனால் விசேஷமும் அந்த நாட்களிலேயே வைப்பார்கள். எங்கள் வீட்டுக் காதுகுத்து உழவர் திருநாள் அன்று வைத்தார்கள். எனக்கு அன்றைக்கு வேலை நாள். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால் திறக்கும்போது பெங்களூரில் இருக்கும் அத்தனை தமிழர்களும் அதே ரயிலுக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கிடைக்காதவர்கள் ஆம்னி பஸ்ஸில் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். இரண்டு தடவை "வர முடியவில்லை" என்று சொன்னால் மூன்றாவது தடவை நம்மிடம் சொல்லாமலேயே வைத்துவிடுகிறார்கள். கோபத்தில் இல்லை. "பாவம், அவளுக்கு எதற்குத் தொந்தரவு" என்று.

சேலத்து மாம்பழம்:

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை அக்கா.

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து மனைவியும் நானும் முழுதும் படித்தோம். கவுன்சலிங் அப்பா சொன்ன ஏழு வருடக் கணக்கு எங்கள் திட்டத்தையே மாற்றிவிட்டது. நான் மட்டும் முதலில் போவதாகத்தான் இருந்தது. இப்போது எல்லாரும் சேர்ந்தே போகிறோம், ஜூனில் ஆறாம் வகுப்புச் சேர்க்கை. ஓசூர் யோசனையை மனைவி ஒரே வார்த்தையில் நிராகரித்துவிட்டாள். ஓசூர்க்காரர் மன்னிக்கவும், உங்கள் மகன் தூங்குகிற வரிதான் காரணம்.

பைக்கை ஊரில் தம்பிக்கு விட்டுவிடுகிறேன். கார் மட்டும் வருகிறது. அதற்கு இன்னும் வங்கிக் கடன் இருக்கிறது. கடன் இருக்கும்போது என்.ஓ.சி. கிடைக்குமா? மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பி.எச். (பாரத்) எண்ணுக்கு மாற்றலாம் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார், அது பழைய வண்டிக்கும் நடக்குமா?

எல்லைக்கோடு:

கடன் இருந்தால் முதலில் வங்கியிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள், அது இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொடவே மாட்டார்கள். வங்கி பதில் சொல்ல நேரம் எடுக்கும், அதனால் இன்றே எழுதிப் போடுங்கள். நிலுவையில் இருக்கும் போக்குவரத்து அபராதங்களையும் கட்டி முடித்துவிடுங்கள்.

பி.எச். வரிசை 2021-ல் புது வண்டிகளுக்கு வந்தது, 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஏற்கெனவே பதிவான வண்டியையும் மாற்ற வழி இருக்கிறது. தனியார் ஊழியர் என்றால் உங்கள் கம்பெனிக்கு நான்கு மாநிலங்களிலாவது, யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து, அலுவலகம் இருக்க வேண்டும். அதற்கு கம்பெனியே சான்று தர வேண்டும். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். மறுபடி வேறு மாநிலத்துக்கு மாற்றல் வருகிற வேலை என்றால் அதுவே லாபம். பெங்களூரிலேயே தங்கிவிடப் போகிறீர்கள் என்றால் மறுபதிவு செய்துவிடுங்கள்.

ராகிமுத்தை_ராஜகுமாரி:

எந்தப் பகுதியில் வீடு பார்க்கிறீர்கள்? பன்னேர்கட்டா சாலைப் பக்கம் என்றால் எழுதுங்கள், என் பையனுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் அங்கேதான் இருக்கிறார். மே மாதமே ஆரம்பித்துவிடலாம்.